மாடி அறைப் பெட்டியில் ஒரு ‘லெபெல்’: பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிக்க நினைக்கும் புதுச்சேரி வாசகருக்கு

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நாற்பதைக் கடந்தவர், தனியார் நிறுவனத்தில் வேலை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய தாத்தா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் வரை போய்விட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். போன வருடம் அப்பாவும் காலமாகிவிட்டார். வீட்டைப் பழுதுபார்ப்பதற்காக மாடி அறையை ஒழித்தபோது, வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த தாத்தாவின் தேக்குப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய நீளமான துப்பாக்கி ஒன்று. பிஸ்கட் டின் ஒன்றில் சில தோட்டாக்கள். இரும்பில் செயின்ட் எத்தியேன் ஆயுதத் தொழிற்சாலையின் பெயரும், ‘மாடல் 1886 எம் 93’ என்ற பொறிப்பும். லைசென்ஸ் என்று ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை.

அந்தப் பொறிப்பை இணையத்தில் தேடப்போனவர், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் வீடியோக்களில் மூழ்கிவிட்டார். உலகப் போர்க் காலத்து ரைபிள்களை ராணுவ உபரியாக வாங்கி, துடைத்து, மெருகேற்றி, சுவரில் வரிசையாக மாட்டுகிறார்கள். தானும் அப்படி ஒரு சேகரிப்பைத் தொடங்க ஆசை. வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஒருவர், ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி) எடுத்துவிட்ட .303 ரைபிள் கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரில்) இருக்கிறது, காகிதம் தேவையில்லை, 80,000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. “உங்க தாத்தா தொட்ட பொருள், இருந்த இடத்துலயே இருக்கட்டும்” என்கிறார் அம்மா. பிரான்சில் இருக்கும் அக்கா, “இங்கே இதுக்கு லைசென்ஸே வேண்டாம், எனக்கு அனுப்பிவிடு” என்கிறார். மச்சான், “ராத்திரியோட ராத்திரியா கடல்ல போட்டுட்டு வந்துடலாம்” என்கிறார். நூறு வருடம் தாண்டிய துப்பாக்கிக்குச் சட்டம் பொருந்தாது என்றும், 2020-இலேயே இதற்கெல்லாம் விலக்கு வந்துவிட்டது என்றும் வாசகர் படித்திருக்கிறார். வைத்துக்கொள்ளலாமா, கடலூர் துப்பாக்கியை வாங்கலாமா, சேகரிப்பாளராக என்ன லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பவை அவர் கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் அவசரமானது பொழுதுபோக்கு அல்ல, அந்தப் பெட்டி. அதிலும் ஒரு வரி என்னை நிறுத்தியது: “போல்ட்டை இழுத்துப் பார்த்தேன், கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்.” தயவுசெய்து இனி அதைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் பொறிப்பை வைத்துப் பார்த்தால் அது லெபெல் ரைபிள். அதன் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே, மரக்கட்டைக்குள் ஒளிந்திருக்கும் நீளமான குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். எட்டு வரை போடலாம். வெளியிலிருந்து பார்த்தால் காலியா நிறைந்ததா என்று தெரியாது. போல்ட்டை இழுத்துத் தள்ளினால் உள்ளே கிடக்கும் தோட்டா அறைக்குள் ஏறிவிடக்கூடும். இதில் சேஃப்டி பூட்டும் கிடையாது. பெட்டியை மூடிப் பூட்டுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும், குழந்தைகளை மாடிக்கு விடாதீர்கள். டின்னில் இருப்பதை எண்ணிப் பார்க்கவும் வேண்டாம்.

தெரிந்த நாளிலிருந்து

“இத்தனை வருஷமா வீட்டில் இருந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, சட்டமும் அதைக் கேட்காமல் விடவில்லை. ஆயுதச் சட்டம், 1959-இன் 3-ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஆனால் ‘வைத்திருப்பது’ என்றால் அறிந்து வைத்திருப்பது என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலும், பிறகு 1994-இல் சஞ்சய் தத் வழக்கிலும் விளக்கியது. பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவரை நீங்கள் குற்றவாளி இல்லை. பெட்டியைத் திறந்த நாளோடு அந்த நிலை முடிந்துவிட்டது. இப்போது உங்களுக்குத் தெரியும், சாவி உங்களிடம் இருக்கிறது, படம் எடுத்து நண்பர்களுக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்துப்படி மூன்று வாரம் ஓடிவிட்டது. மூன்று வாரத்தை விளக்கிச் சொல்லலாம். அப்பா காரியம், வீட்டு வேலை, என்ன செய்வதென்று தெரியாத குழப்பம் என்று எவரும் நம்புவார்கள். மூன்று மாதம் ஆனால் அதே விளக்கம் எடுபடாது.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 25(1பி) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதம். தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் குறைந்தபட்சத்துக்கும் கீழே தண்டிக்கலாம். 3-ஆம் பிரிவை மீறியதற்காக வழக்கு நடத்த மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். அதாவது, நீங்களாகப் போய்ச் சொன்னீர்களா, சோதனையில் பிடிபட்டீர்களா என்பதை எடைபோட ஓர் அதிகாரி நடுவில் இருக்கிறார்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். உங்கள் பகுதிக் காவல் நிலைய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நகல் மாவட்ட ஆட்சியருக்கு. இன்ன தேதியில் வீட்டைச் சுத்தம் செய்யும்போது பெட்டியில் இது கிடைத்தது, ஒப்படைக்க விரும்புகிறோம், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவே. கைப்பட ஒப்புதல் வாங்குங்கள், இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எந்தக் காரணம் கொண்டும் துப்பாக்கியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். வைத்திருப்பது ஒரு பிரச்சினை, தெருவில் எடுத்துச் செல்வது இன்னொன்று. அவர்கள் வந்து மகஜர் எழுதி எடுக்கும்போது, துப்பாக்கியின் வரிசை எண், பொறிப்பு, தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் ரசீதில் வருகிறதா பாருங்கள். ‘பழைய துப்பாக்கி ஒன்று’ என்று எழுதிய ரசீதால் பிறகு ஒரு பயனும் இல்லை.

கடிதத்தில் கதை சேர்க்காதீர்கள். “தாத்தா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து கொண்டுவந்தது” என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? படையில் கொடுக்கும் ரைபிள் அரசுடைமை. ஓய்வு பெறுகிறவர் தோளில் மாட்டிக்கொண்டு கப்பலேறும் பொருள் அல்ல. இந்த ஊரில் யாரிடமிருந்தோ வாங்கியிருக்கலாம், யாரோ கொடுத்து வைத்ததாகவும் இருக்கலாம். நீங்கள் கண்ணால் கண்டது பெட்டியில் இருந்ததை மட்டும்தான். அதை மட்டும் எழுதுங்கள்.

எஃப்.ஐ.ஆரே வராது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சட்டத்தின் 21-ஆம் பிரிவு, எந்தக் காரணத்தாலாவது வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பாகிப்போன ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. இது முதலிலிருந்தே லைசென்ஸ் இல்லாதது, ஆகவே அந்தப் பிரிவு பொருந்தாது என்று கறாராக வாதிடும் அதிகாரியும் இருப்பார். அதனால்தான் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு கடிதம் கொடுங்கள் என்கிறேன். தேவைப்பட்டால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆம் பிரிவில் முன்ஜாமீன் கேட்கலாம். தானாக முன்வந்து ஒப்படைத்தவருக்கு அது கிடைப்பதில் பெரிய சிரமம் இருக்காது என்பது என் கணிப்பு.

மச்சானின் யோசனையைப் பற்றி இரண்டே வார்த்தை: கூடவே கூடாது. படங்கள் நாலு பேர் போனில் இருக்கின்றன. நாளைக்கு யாராவது கேட்டால், இருந்த துப்பாக்கி எங்கே என்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். சாட்சியத்தை மறைத்தல் என்ற தனிக் குற்றம் அங்கே சேர்ந்துகொள்ளும். குருசுக்குப்பம் வலையில் அது மாட்டி மேலே வந்தால் அது வேறு கதை.

அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பயமுறுத்தாமல் சொல்லுங்கள். ஆனால் அந்த வீடு இப்போது அவர் பெயரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாளை விசாரணை என்று வந்தால் முதல் கேள்வி அவரிடம்தான் வரும். இதைக் கேட்டால் அவரே சம்மதிப்பார்.

பழசு என்றால் விலக்கா?

நீங்கள் படித்தவை முழுக்கத் தவறில்லை, பாதியில் நின்றுவிட்டவை. மூன்று வெவ்வேறு விஷயங்கள் உங்கள் மனதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

நூறு வருடக் கணக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்திலிருந்து வருவது. ஒரு பொருளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகலாமா என்பது போன்றவற்றுக்கான சட்டம் அது. ஆயுதச் சட்டத்திலிருந்து எதையும் விடுவிப்பதில்லை.

அடுத்தது, ஆயுதச் சட்டத்திலேயே இருக்கும் 45(சி). வழக்கொழிந்த வகை, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது ஆகியவற்றுக்குச் சட்டம் பொருந்தாது என்கிறது. அதோடு நிறுத்திவிட்டுத்தான் பலரும் இணையத்தில் எழுதுகிறார்கள். அதே வாக்கியம், பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும் என்று முடிகிறது. எண்ணெய் விட்டால் போல்ட் சரியாகிவிடும் என்று நீங்களே எழுதிவிட்டீர்களே!

மூன்றாவது, நீங்கள் சொல்லும் 2020 விதித் திருத்தம். ‘கியூரியோ’ (பழம்பொருள்) வகையில் வரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய உள்துறை அமைச்சகம் அறிவித்தது உண்மை. உங்கள் லெபெலுக்கு நம்பிக்கை இருப்பது இங்கேதான். ஆனால் அதே அறிவிப்பு, அதைச் சுடவோ எடுத்துச் செல்லவோ அனுப்பவோ லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸில் பதிவு செய்யாமல் அதற்குத் தோட்டா விற்கக் கூடாது என்றும் சொன்னது. ஒரு துப்பாக்கி கியூரியோவா என்பதை வீட்டில் உட்கார்ந்து நாமே முடிவு செய்ய முடியாது. ஆயுத நிபுணர் பார்த்து, லைசென்ஸ் அதிகாரி எழுத்தில் தர வேண்டும். சோதனைக்கு வந்தவரிடம் போனில் செய்தித்தாள் துணுக்கைக் காட்டி வாதாடிக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்று, துப்பாக்கி கியூரியோ ஆனாலும் டின்னில் இருக்கும் தோட்டா ஆகாது. சொல்லப்போனால் எனக்குத் துப்பாக்கியை விட அந்த டின்தான் கவலை தருகிறது.

எனவே வரிசை இதுதான்: முதலில் ஒப்படையுங்கள். பிறகு, இதைக் கியூரியோ என்று வகைப்படுத்தித் திருப்பித் தர வேண்டும் என்று ஆட்சியருக்கு மனுச் செய்யுங்கள். ஒப்படைத்தவர் சட்டப்படி வைத்திருக்கத் தகுதி பெற்றால் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறவும், தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்கவும் 21-ஆம் பிரிவு வழி விடுகிறது. காலம் கடந்தால் அது அரசுக்குப் போய்விடும். ஆகவே ஒப்படைத்த அன்றே மனுவையும் கொடுத்துவிடுங்கள்.

நடுவில் ஒரு தேடல் வேலையும் இருக்கிறது. தாத்தாவின் ஓய்வூதியக் காகிதங்கள், அப்பாவின் பத்திரக் கட்டு எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டுங்கள். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பின் மத்தியச் சட்டங்கள் இங்கே நீட்டிக்கப்பட்டன, ஆயுதச் சட்டமும் அப்படி வந்ததுதான். அதன்பின் தாத்தாவோ அப்பாவோ எப்போதாவது லைசென்ஸ் எடுத்திருந்தால் நிலைமையே மாறிவிடும். லைசென்ஸ்தாரர் இறந்தால் வாரிசுக்கு லைசென்ஸ் தர 2016 விதிகளில் 25-ஆம் விதி இருக்கிறது. அப்படி எதுவும் இல்லையென்றால் ‘பரம்பரைச் சொத்து’ என்ற வாதத்துக்கு இடமில்லை. துப்பாக்கியை வாரிசாகப் பெற முடியும், ஆனால் வாரிசுரிமை மட்டுமே லைசென்ஸ் ஆகிவிடாது.

கடலூர் ரைபிள்

இந்த இடத்தில் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன். வாங்காதீர்கள், போய்ப் பார்க்கவும் வேண்டாம்.

.303 என்பது இங்கே ‘தடை செய்யப்பட்ட போர்’ (bore), அதாவது தடை செய்யப்பட்ட குழல் துளை அளவு. .303 அல்லது 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய ரைபிள்கள் எல்லாம் 2016 விதிகளின் முதல் வகையில் வருகின்றன. வெள்ளைக்காரன் காலத்திலேயே படைத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று தனி அளவு வைத்தார்கள். நம் நாட்டில் லைசென்ஸ்தாரர்கள் வைத்திருக்கும் .315 ரைபிள் பிரபலமானதற்குக் காரணம் அதுதான். .303 போலீசில் வெகுகாலம் ஓடியது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் அதற்கு விடை கொடுத்தது. வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்கிற மாதிரி உபரிக் கிடங்கிலிருந்து அது நம் கடைக்கு வருவதில்லை. அமெரிக்காவில் 50 வருடம் தாண்டிய துப்பாக்கிகளுக்கென்றே சேகரிப்பாளர் லைசென்ஸ் தனியாக உண்டு. அவர்கள் சட்டம் அவர்களுக்கு.

அப்படியானால் ஓ.டி.யில் காகிதமில்லாமல் .303 எப்படி வந்தது? எங்கோ ஆயுதக் கிடங்கிலிருந்து காணாமல் போனதாக இருக்கலாம், பட்டறையில் செய்த நாட்டுத் துப்பாக்கியாக இருக்கலாம், பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போகும் மோசடியாகவும் இருக்கலாம். மூன்றில் உங்களுக்குக் குறைந்த நஷ்டம் கடைசியில்தான். தடை செய்யப்பட்ட ஆயுதத்துக்கு 25(1ஏ) பிரிவில் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. ஃபயரிங் பின் இல்லை என்பது உங்களைக் காப்பாற்றாது. பின்னை மாற்றினால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான். துப்பாக்கியின் பாகங்களையும் சட்டம் ஆயுதம் என்றே சொல்கிறது. ஆகவே போல்ட் தனியாக, குழல் தனியாக வரவழைத்துப் பொருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள்.

போதாக்குறைக்கு அதைக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுவர வேண்டும். ஆல்பேட்டை, முள்ளோடை சோதனைச் சாவடிகளில் எதற்காக வண்டியைத் திறந்து பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மதுபாட்டில் தேடுகிறவர் கையில் ரைபிள் கிடைத்தால் அவருக்குப் பதக்கம், உங்களுக்கு இரண்டு மாநிலத்து விசாரணை.

அந்த நபருடன் பேசிய வாட்ஸ்அப் பதிவுகளை அழிக்க வேண்டாம். நீங்கள் பணம் அனுப்பவில்லை, வேண்டாம் என்று மறுத்துவிட்டீர்கள் என்பதற்கு நாளை அதுவே சாட்சி. ஒரு வரியில் மறுத்துவிட்டு எண்ணை முடக்குங்கள். உங்கள் வழக்கறிஞரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கு அனுப்பலாமா?

பிரான்சு நிலவரத்தைப் பொறுத்தவரை அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது. 1900-க்கு முந்தைய மாடல்களை அங்கே பழம்பொருள் வகையில் வைத்து, வயதுவந்தோர் சுதந்திரமாக வைத்துக்கொள்ள விடுகிறார்கள். லெபெல் 1886 மாடல். புகையில்லா வெடிமருந்துத் தோட்டாவோடு வந்த உலகின் முதல் ராணுவ ரைபிள் என்பதால் அங்கே அதற்கு மதிப்பும் அதிகம். ஆனால் பரணில் கிடக்கும் தாத்தா துப்பாக்கிகள் அங்கேயும் தலைவலிதான். 2022 நவம்பர் கடைசியில் அரசே ஒரு வாரம் முகாம் போட்டு, கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது.

சிக்கல் இங்கிருந்து வெளியேறுவதில். ஆயுதத்தை ஏற்றுமதி செய்ய 10-ஆம் பிரிவில் லைசென்ஸ் வேண்டும். நூறு வயது தாண்டிய தொல்பொருள் என்று ஆகிவிட்டால் தனியார் ஏற்றுமதி செய்யவே முடியாது. பழசு என்ற வாதம் ஒரு பக்கம் உங்களுக்கு உதவினால் மறுபக்கம் இடிக்கும். கூரியரிலோ, அக்கா வந்துபோகும்போது பெட்டியிலோ வைத்து அனுப்பும் பேச்சை வீட்டில் யாரும் விளையாட்டுக்குக் கூட எடுக்க வேண்டாம்.

அப்படியானால் பொழுதுபோக்கு?

‘சேகரிப்பாளர் லைசென்ஸ் எடுத்துச் சுவர் நிறைய ரைபிள்’ என்ற கனவுக்கு நம் சட்டத்தில் இடம் மிகக் குறைவு. 2019 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், வாரிசாக வந்ததும் அந்த இரண்டுக்குள் அடக்கம். முன்பு மூன்று இருந்தது. அதிகமாக இருந்ததை ஒரு வருடத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். கியூரியோ என்று எழுத்தில் உறுதி செய்யப்பட்ட பழம்பொருளை, வாங்கிய ரசீதோடு, ஊர் விட்டு ஊர் கொண்டுபோகும் அனுமதியோடு ஒன்றிரண்டு சேர்க்கலாம். அந்தப் பாதை பொறுமைசாலிகளுக்கானது. உங்கள் கடிதத்தின் வேகத்தைப் பார்த்தால் நீங்கள் அந்த ரகம் இல்லை, மன்னிக்கவும்.

சுடும் ஆர்வம் என்றால் அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப்பில் சேருங்கள். கிளப் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் .22 ரைபிளுக்கும் ஏர் ரைபிளுக்கும் அந்த இரண்டு என்ற வரம்பு இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் சுடும் ஆசை எங்கும் தெரியவில்லை. பொறிப்பைத் தேடியதும், எந்தத் தொழிற்சாலை, எந்த வருடம் என்று மூன்று பக்கம் எழுதியதும்தான் தெரிகிறது. உங்களுக்குத் துப்பாக்கியை விட அதன் கதை வேண்டும் என்று நினைக்கிறேன். கதை சேகரிக்க லைசென்ஸ் வேண்டாம். சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் பழைய ஆயுதங்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். லெபெலைத் திரும்பப் பெற முடியாமல் போனால், அரசு அருங்காட்சியகம் ஒன்றுக்குத் தாத்தாவின் பெயரோடு கொடுக்க விரும்புவதாக அந்த மனுவிலேயே மாற்றுக் கோரிக்கையாக எழுதிவிடலாம். உருக்கப்படுவதை விட அது மேல்.

தாத்தாவின் பதக்கங்கள், சீருடைப் பொத்தான்கள், சம்பளப் புத்தகம், சைகோனில் எடுத்த படங்கள் எல்லாம் அதே பெட்டியில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றைப் போலீசிடம் கொடுக்க வேண்டியதில்லை. துப்பாக்கியையும் டின்னையும் தொடாமல், அவர்கள் வருவதற்கு முன் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பயனெட் எனும் துப்பாக்கிக் கத்தி இருந்தால் மட்டும் அதையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள், அதுவும் சட்டத்தின் பார்வையில் ஆயுதம்தான். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் ஆவணங்கள் பிரான்சில் போ நகரத்து ராணுவ ஆளணிக் காப்பகத்தில் இருக்கின்றன, குடும்பத்தார் எழுதிக் கேட்கலாம். அவர் எந்தப் படைப்பிரிவு, எந்த வருடம் எங்கே இருந்தார் என்பதெல்லாம் அதில் வரும். சம்பளப் புத்தகத்தில் உள்ள சேவை எண்ணை அக்காவுக்கு அனுப்புங்கள். துப்பாக்கிக்குப் பதில் அவர் அங்கிருந்து இந்த விண்ணப்பத்தைப் போடட்டும்.